கோன் செட் மாற்றியும் ஹேண்டில் கனக்கிறதா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2008-ல் வாங்கிய ஸ்ப்ளெண்டர் பிளஸ். ஆறு மாதமாக ஹேண்டில் கனக்கிறது. குளச்சலிலிருந்து தக்கலை போய் வந்தாலே தோள் கடுக்கிறது. மெதுவாகப் போகும்போது வண்டி அங்குமிங்கும் அலைகிறது. கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்துக் குழாயிலுள்ள பேரிங்) மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. பத்து நாள் சுகமாக இருந்தது, பிறகு பழையபடிதான். இப்போது “டி (முன் ஃபோர்க்கைத் தாங்கி ஹேண்டிலோடு திரும்பும் தண்டு) வளைந்திருக்கிறது, ஃபோர்க்கோடு மாற்ற வேண்டும்” என்கிறார்கள். ஒரு புரோக்கர் வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: விற்க வேண்டாம். டி-யையும் இப்போது தொட வேண்டாம். டி வளைந்தால் வண்டி ஒரே பக்கமாக இழுக்கும். அல்லது சக்கரம் நேராக இருக்க, ஹேண்டில் கோணி நிற்கும். நீங்கள் இரண்டையும் எழுதவில்லை, வண்டி எங்கும் மோதியதாகவும் சொல்லவில்லை. இழுப்பு வேறு, கனம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர் ஃபோர்க் விற்கப் பார்க்கிறார்.

முதலில் காற்று. உங்கள் முன் டயருக்கு 25 பிஎஸ்ஐ வேண்டும். டயர் சூடாகும் முன்பே பார்க்க வேண்டும். காற்றடிப்பவர் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு “போதும்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், மீட்டரை நீங்களே பாருங்கள்.

காற்று சரியென்றால் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, ஒருவர் பின்பக்கத்தை அமுக்கட்டும். முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஹேண்டிலை நேராக வைத்து ஒரு விரலால் லேசாகத் தள்ளுங்கள். தன் பாரத்திலேயே வழுக்கிக்கொண்டு கடைசி வரை போய் விழ வேண்டும், இரண்டு பக்கமும். முழுத் தூரமும் சோம்பலாக நகர்ந்தால் கோன் இறுக்கம், அல்லது கிரீஸ் காய்ந்துவிட்டது. நேராக வரும் இடத்தில் மட்டும் ‘டக்’கென்று பிடித்தால் கப்பிலும் கோனிலும், அதாவது பேரிங் குண்டுகள் ஓடும் வளையங்களில், குழி விழுந்திருக்கிறது. சாலையில் பெரும்பாலும் ஹேண்டில் நேராகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் குண்டுகள் வழியாக அதே இடத்தில் இறங்குகிறது. நம் மாவட்டச் சாலைகளில் அடிக்குப் பஞ்சமா?

ஒரு பக்கம் மட்டும் இறுகினால் கோனைக் குற்றம் சொல்லாதீர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்காகவே வீணாகக் கோன் செட் மாற்றியவர்கள் ஏராளம். ஆக்சிலேட்டர், கிளட்ச், பிரேக், ஸ்பீடோமீட்டர் கேபிள்கள், வயர் கட்டு எல்லாம் கழுத்தைச் சுற்றித்தான் போகின்றன. மாற்றிப் போட்ட கேபிள் அரை இஞ்ச் குறைந்தாலும், புது ஹாரனுக்காக வயரைச் சேர்த்து இறுக்கிக் கட்டினாலும் ஹேண்டிலைக் கயிறு போட்டு இழுப்பது போலாகும். கிளட்ச் கேபிளை லீவரிலும் பிரேக் கேபிளைச் சக்கரத்திலும் கழற்றிவிட்டு மறுபடி தள்ளிப் பாருங்கள். லேசாகிவிட்டால் கள்ளன் கேபிள்தான். பிறகு அவற்றை மாட்டி, இன்ஜினை நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டிலைக் கோடிக்குக் கோடி திருப்புங்கள். ரேஸ் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. அதைச் சரிசெய்யாமல் வண்டியைத் தெருவுக்கே எடுக்கக் கூடாது.

இனி, மாற்றியும் பத்தே நாளில் கனம் திரும்பிய கதை. கோன் செட் என்பது நான்கு வளையங்கள், நடுவே குண்டுகள். இரண்டு கப் சேசிஸ் கழுத்தில், மேலும் கீழும். ஒரு கோன் மேலே. நான்காவது டி-யின் அடியில் இறுகப் பதிந்திருக்கும். பாரம் முழுக்கத் தாங்குவது கீழ்ப்பக்கம்; முதலில் தேய்வதும் அதுதான். ஆனால் அந்த அடிக்கோனை உளி வைத்துத் தட்டி எடுக்க நேரமும் கைப்பழக்கமும் வேண்டும். அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் மாற்றி, முழு செட்டுக்கும் காசு வாங்குவது வழக்கமாகிவிட்டது. குழி விழுந்த பழைய கோனில் புதுக் குண்டு ஓடினால் சுகம் பத்து நாளுக்குத்தான். அடுத்த முறை கழற்றிய பழைய வளையங்களைக் கையில் கேட்டு வாங்கி எண்ணுங்கள். நான்கு இல்லையென்றால் கூலி கொடுக்காதீர்கள். ‘ஒரிஜினல்’ அட்டைப்பெட்டிக்குள் மட்டச் சரக்கு வருவதும் உண்டு; சீல் பிரிக்காத பெட்டியை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

கடலோரத்தில் உப்புக் காற்று, வருடத்தில் இரண்டு மழைக்காலம், போதாக்குறைக்கு வாட்டர் சர்வீஸில் கழுத்தைக் குறிவைத்து அடிக்கும் பிரஷர் தண்ணீர். கிரீஸ் கரைந்து துரு ஏறும். ஏபி-3 கிரீஸைக் கப் நிறைய வைக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆயிலைச் சொட்டு விடுவது வேலைக்காகாது. குண்டுகளை, கழற்றிய எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூடத் திணிக்கக் கூடாது.

இறுக்குவதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. பள்ளத்தில் ‘டொக் டொக்’ என்கிறது என்று நாம் போய் நிற்போம். சத்தம் அடங்கும்வரை உளியால் தட்டி நட்டை இறுக்கி அனுப்பிவிடுவார்கள். சத்தம் போகும், கனம் வரும். அந்த நட்டை, அதன் காடியில் மாட்டும் வளைந்த சி-ஸ்பேனரால் முழுக்க இறுக்கி, ஹேண்டிலை இருபுறமும் ஐந்தாறு தடவை திருப்பிவிட்டு, சுமார் எட்டில் ஒரு சுற்று தளர்த்துவதே முறை. மேல் நட்டை இறுக்கும்போது உள்ளே இன்னும் கொஞ்சம் பிடிக்கும்; ஆகவே எல்லாம் முடுக்கிய பிறகு அந்த ஒரு விரல் சோதனையை மறுபடி செய்ய வேண்டும். பிறகு ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரியக் கூடாது.

15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கும்போது சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுக்கிறார்கள். அந்த நம்பர் அடித்திருப்பதே இந்தக் கழுத்தில்தான். விரலுக்கு அரை சாண் தூரத்தில் கோன் செட். ஆனால் ஹேண்டிலை ஒரு தடவை திருப்பிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. காகிதம் சரியாக இருந்தால் வண்டியும் சரி!

உங்கள் வண்டிக்கு இப்போது செய்ய வேண்டியது: காற்று, கேபிள் இரண்டையும் பார்த்துவிட்டு, கழுத்தைக் கழற்றி அடிக்கோனைப் பார்க்கச் சொல்லுங்கள். பழையதாக இருந்தால் முழு செட்டையும் மாற்றுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை கொண்டுபோய் நட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். புது வளையங்கள் பதிந்து லேசாகத் தளர்ந்திருக்கும்.