ஐந்து திரிக்கு ஐந்து விளக்கு எதற்கு?

கேள்வி: நானும் என் தம்பியும் ஈரோட்டில் வீட்டிலிருந்தே குழந்தைகளுக்கான கதை வீடியோ செய்கிறோம். பிளெண்டர் 4.2 என்ற அனிமேஷன் மென்பொருள், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, 12 ஜிபி. இப்போது கையில் இருப்பது 8 நிமிடப் படம். பாதிக்கு மேல், பாட்டி குத்துவிளக்கு வெளிச்சத்தில் கதை சொல்லும் காட்சி. காட்சியைப் படமாகக் கணக்கிட்டு எடுக்க (ரெண்டர்) வேகமான ஈவீ முறையில் பிரேமுக்கு 5 வினாடிதான் ஆகிறது. ஆனால் சுவரில் விழும் நிழல் நடுங்குகிறது, ஓரமெல்லாம் பல்பல்லாக இருக்கிறது. ஒளியை நுணுக்கமாகக் கணக்கிடும் சைக்கிள்ஸ் முறையில் அருமையாக வருகிறது. பிரேமுக்கு 3 நிமிடம் ஆகிறது. நிழலின் துல்லியத்தைக் கூட்டப் பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுத்த 'கியூப் சைஸ்' அமைப்பு எங்கே என்றே தெரியவில்லை. கடைக்காரர், "ரியல் டைமுக்கு இந்தக் கார்டு தாங்காதுங்க, 2 லட்சத்துல புதுசு போடுங்க, லோனும் நாங்களே வாங்கித் தர்றோம்" என்கிறார். போடலாமா ஐயா? காட்சியின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: போடாதீர்கள். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோளாறு கார்டில் இல்லை, குத்துவிளக்கில் இருக்கிறது.

முதலில் அந்த 'ரியல் டைம்' விஷயம். வீடியோ கேமில் வினாடிக்கு 60 பிரேம் வர வேண்டுமென்றால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிவினாடி. அதைத் தாண்டினால் ஆடுகிறவருக்குத் திக்கும். நீங்கள் செய்வது கேம் இல்லை, படம். ஒரு பிரேமுக்கு 5 வினாடி ஆனாலும் 15 வினாடி ஆனாலும், பார்க்கிற குழந்தைக்கு வினாடிக்கு 24 பிரேம்தான் ஓடும். உங்களுக்கு உடனடி வேகம் வேண்டியது ஒரே இடத்தில்: விளக்கை நகர்த்தும்போது வியூபோர்ட்டில், அதாவது வேலை செய்யும் திரையில், அது அப்போதே தெரிய வேண்டும். அதை 3060 தாராளமாகச் செய்யும். இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டால் பிறகு 2 லட்ச ரூபாய்க் கார்டை எப்படி விற்பது?

கணக்கைப் பாருங்கள். 8 நிமிடம் என்றால் 11,520 பிரேம். பிரேமுக்கு 5 வினாடி வீதம் 16 மணி நேரம். 3 நிமிடம் வீதம் 24 நாள், ராத்திரி பகல் நிறுத்தாமல். பிரேமுக்கு 15 வினாடி என்று வைத்துக்கொண்டால் சரியாக 2 நாள். ஒரு சனி ஞாயிறு. அதாவது பிரேமுக்கு இன்னும் 10 வினாடி செலவழிக்க உங்களுக்கு வசதி இருக்கிறது. அதை எதில் செலவழிப்பது என்பதுதான் பேச்சு.

இப்போது குத்துவிளக்கு. ஐந்து முக விளக்கு என்பதால் ஒவ்வொரு திரியிலும் ஒரு பாயின்ட் லைட் வைத்திருக்கிறீர்கள். பார்க்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஈவீ நிழலை எப்படிப் போடுகிறது தெரியுமா? விளக்கு இருக்கும் இடத்தில் ஒரு கேமராவை வைத்ததுபோல அங்கிருந்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளும். அந்தப் படத்தில் தெரியாத இடமெல்லாம் நிழல். 1978-லிருந்து இருக்கிற உத்தி இது. பாயின்ட் லைட்டுக்கு முன் பின் கிடையாது. மேலே, கீழே, நான்கு பக்கம் என ஆறு திசைக்கும் படம் வேண்டும். ஐந்து திரிக்கு முப்பது. இந்தப் படங்களை வைத்துக்கொள்ளும் கிடங்கு நிரம்பியதும் ஈவீ கஞ்சத்தனம் செய்யத் தொடங்குகிறது: சின்னப் படத்தை இழுத்துப் பெரிய சுவரில் விரிக்கிறது. அந்த இழுவைதான் பல்பல்லாகத் தெரிகிறது. உங்கள் இரண்டாவது படத்தில் வியூபோர்ட்டின் ஓரத்தில் ஷேடோ பஃபர், அதாவது அந்தக் கிடங்கு, நிரம்பிவிட்டது என்று பிளெண்டரே சின்ன எழுத்தில் சொல்லியிருக்கிறதே, படிக்கவில்லையா?

ஐந்தையும் எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு பாயின்ட் லைட், தட்டுக்குச் சற்று மேலே, நடுவில். அதன் ரேடியஸை ஏறக்குறைய தட்டின் அளவுக்கு, 5 அல்லது 6 செ.மீ. வையுங்கள். சுடர்களை ஒளிரும் மெட்டீரியலாக மட்டும் விடுங்கள். அவை வெளிச்சம் தருவதுபோல் நடித்தால் போதும். விளக்கின் ஷேடோ பகுதியில் ஜிட்டர் என்று இருப்பதைப் போடுங்கள், நிழல் ஓரம் இயல்பாகக் கரையும். அதற்குச் சாம்பிள், அதாவது ஒரு பிரேமை எத்தனை முறை கணக்கிட்டுச் சராசரி எடுப்பது என்ற எண், கூடுதலாக வேண்டும். ரெண்டர் சாம்பிள் 64 என்று இருப்பதை 128 அல்லது 192 ஆக்குங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் நிழல் கிடங்கின் அளவான ஷேடோ பூல் 512 எம்பி என்று இருக்கும், 1 ஜிபி ஆக்குங்கள். மிச்சமிருந்த 10 வினாடி இதற்குத்தான்.

ஒற்றை விளக்கு வைத்ததும் தண்டைச் சுற்றித் தரையில் வட்டமாக ஒரு இருட்டு விழும். பயப்படாதீர்கள். விளக்கடி இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? அது இருந்தால்தான் நிஜ விளக்கு.

அடுத்து நடுக்கம். சுடர் ஆடுவதுபோல் இருக்கட்டும் என்று விளக்கின் இருப்பிடத்துக்கு, அதைத் தாறுமாறாக ஆட வைக்கும் நாய்ஸ் மாடிஃபையர் போட்டிருக்கிறீர்கள், ஐந்துக்கும் தனித்தனியாக. 2 செ.மீ.தானே ஆடுகிறது என்று நினைத்திருப்பீர்கள். பாட்டியின் கை விளக்கிலிருந்து 30 செ.மீ. தள்ளி, சுவர் 3 மீட்டர் தள்ளி. விளக்கு 1 செ.மீ. நகர்ந்தால் சுவரில் கையின் நிழல் எதிர்த் திசையில் 9 செ.மீ. நகரும். 2 செ.மீ. என்றால் 18. அதுவும் பிரேமுக்குப் பிரேம், ஐந்து நிழல் ஐந்து பக்கமாக. நடுங்காமல் என்ன செய்யும்? இருப்பிடத்தை அசைக்காதீர்கள். நாய்ஸை விளக்கின் பவருக்குப் போடுங்கள், அதுவும் பத்துப் பன்னிரண்டு சதவீதம் ஏறி இறங்கினால் போதும். ஒவ்வொரு பிரேமும் துடிக்காமல் ஆறேழு பிரேமுக்கு ஒருமுறை மூச்சு விடுவதுபோல் மெதுவாக. சுடர் அசைவதைக் காட்ட வேண்டுமென்றால் சுடரின் உருவத்தை மட்டும் அசையுங்கள்.

அறை முழுக்க ஒளி தெறித்துப் பரவுவதற்கு, தெறித்த ஒளியைப் பதிந்து வைக்கும் வால்யூம் லைட் புரோப் வைத்து பேக் செய்துவிடுங்கள். ஒருமுறை கணக்குப் போட்டுச் சேமித்துவிட்டால் பிரேமுக்குப் பிரேம் செலவு இல்லை. இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அது உங்கள் தலையில் வந்து விழப்போவதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பேக் ஆவது தெறித்த ஒளி மட்டும்தான். விளக்கிலிருந்து நேராக விழுவது அந்தந்தப் பிரேமில் புதிதாகக் கணக்கிடப்படும். சுடர் மங்கும்போது பாட்டியின் முகம் மங்கும், ஆனால் பேக் ஆன சுவர் வெளிச்சம் அப்படியே நிற்கும். முகம் மட்டும் துடித்து அறை சும்மா இருந்தால் பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும். பாட்டி ஊதி அணைக்கிறாள் என்றால் இன்னும் மோசம். விளக்கு அணைந்த பிறகும் சுவர் மஞ்சளாக மினுங்கும். ஆகவே பேக் செய்வதற்கு முன் குத்துவிளக்கு வெளிச்சத்தை அணைத்து விடுங்கள், சுடர்களையும் மறைத்து விடுங்கள். ஜன்னல் வழியே வரும் நிலா வெளிச்சத்தை மட்டும் வைத்து பேக் செய்யுங்கள். பிறகு விளக்கைப் போட்டு, தரையோரம் பெரிய ரேடியஸில் மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று கூடுதலாக வையுங்கள். அதன் ஷேடோவை அணைத்து விடுங்கள். குத்துவிளக்கின் பவரில் போட்ட அதே நாய்ஸை இதற்கும் நகலெடுத்து, பாதி அளவாக்குங்கள். இப்போது அறை விளக்கோடு சேர்ந்து மூச்சுவிடும். அணையும்போது இரண்டையும் சேர்த்து அணைக்கலாம். வேறொரு காட்சியில் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாலும் இதேதான்: பேக்கை நம்பாமல், நிழலில்லாத அந்தத் துணை விளக்கை விளக்கோடு கட்டிவிடுங்கள், கூடவே வரும்.

நிழலில்லாத விளக்கு எல்லாவற்றையும் ஊடுருவும். பாட்டி வாயைத் திறந்தால் உள்ளே அண்ணம் வரை பளிச்சென்று தெரியும், மூக்குத் துவாரம் ஜொலிக்கும். அதைக் கவனித்து அந்த விளக்கைத் தாழ்த்தியே வையுங்கள்.

'கியூப் சைஸ்' உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம், அது இப்போது இல்லவே இல்லை. 2024 ஜூலையில் வந்த 4.2-ல் ஈவீயை அடியோடு மாற்றி எழுதினார்கள். பழைய நிழல் அமைப்புகள் போயின. பயிற்சி மையங்கள் மட்டும் பழைய குறிப்பேட்டை வைத்தே பாடம் நடத்துகின்றன. சான்றிதழில் தங்க முத்திரை மட்டும் மாறாமல் பளபளக்கும். 2022 மத்திய பட்ஜெட்டில் அனிமேஷன் துறையை வளர்க்கப் பணிக்குழு என்று அறிவித்தார்கள். இந்த மையங்களில் என்ன பாடம் நடக்கிறது என்று யாராவது ஒருமுறை போய் உட்கார்ந்து பார்த்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

சைக்கிள்ஸை முழுதாகத் தள்ளவும் வேண்டாம். உங்கள் 3 நிமிடத்துக்குப் பெரும்பாலும் காரணம், சாம்பிள் எண்ணிக்கையைத் தொடாமல் விட்டது. அது 4096 என்றே இருக்கும். 200-க்கு இறக்கி, புள்ளி புள்ளியாகத் தெரிவதை நீக்கும் டீநாய்ஸரைப் போடுங்கள், ஒரு பிரேமின் தரவை அடுத்ததற்கும் வைத்துக்கொள்ளும் பெர்சிஸ்டன்ட் டேட்டாவையும் போடுங்கள். பாட்டியின் கண்ணில் சுடர் தெரியும் அந்த நெருக்கமான ஷாட்டை மட்டும் அதில் எடுக்கலாம். 20 வினாடி ஷாட் 480 பிரேம்; பிரேமுக்கு 40 வினாடி ஆனாலும் ஆறு மணி நேரத்துக்குள் முடியும்.

இனி அந்தக் கடைக்காரர். ஈவீ ஒரு நேரத்தில் ஒரு கார்டைத்தான் பயன்படுத்தும். "பழசும் இருக்கட்டும், புதுசும் போட்டா டபுள் ஸ்பீடு" என்பார்கள், நம்பாதீர்கள். பாதி விலையில் 'ஓப்பன் பாக்ஸ்' என்று காட்டினால் இன்னும் உஷார். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயம், கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டபோது, வருடக்கணக்காக ராப்பகலாகச் சுட்டுக்கிடந்த கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. விசிறி மாற்றி, தூசி ஊதி, புதுப்பெட்டியில் போட்டு விற்றார்கள். சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில் தராதவரிடம் வாங்கவே கூடாது. லோனா? சிறுதொழிலுக்கான முத்ரா கடனுக்கு ஏஜென்ட் கிடையாது, திட்டத்தை நடத்துபவர்களே அதைச் சொல்கிறார்கள். வங்கிக்கு நேரே போகலாம். போனால் மேனேஜர், "அனிமேஷனா? மெஷின் எங்கம்மா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஜனங்கள் தரகரிடம் போகிறார்கள் என்பதும் உண்மை.

காசுக்கு ரெண்டர் செய்து தருகிறோம் என்று வாட்ஸாப்பில் வரும் 'ரெண்டர் ஃபார்ம்' ஆட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லியே ஆக வேண்டும். சில வருடங்களுக்கு முன், அவசரத்தில் அப்படி ஒருவரிடம் முன்பணம் கொடுத்தேன். நாள் தவறாமல் படம் வந்தது. ஓட்டிப் பார்த்தால் ஏதோ தடுக்கித் தடுக்கி நடப்பதுபோல் இருந்தது. அம்புக்குறியைத் தட்டி ஒவ்வொரு பிரேமாக நகர்த்தினேன். 101-ம் 102-ம் ஒன்று. 103-ம் 104-ம் ஒன்று. பாதியை மட்டும் ரெண்டர் செய்து, ஒவ்வொன்றையும் இரண்டாக நகலெடுத்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு போனும் எடுக்கவில்லை, என் மாடல் கோப்புகளும் திரும்பி வரவில்லை. கூட்டு முயற்சியாக, காசு வாங்காமல் ரெண்டர் செய்து தரும் ஷீப்இட் இருக்கிறது. நம் கணினியையும் மற்றவர்களுக்குக் கொடுத்து உதவினால் முறை சீக்கிரம் வரும். காத்திருக்க வேண்டும், ஏமாற வேண்டாம்.

அதற்கும் முன்னால், தம்பியின் கணினி ஒன்று இருக்குமே? அவுட்புட் பகுதியில் ஓவர்ரைட்டை (இருக்கும் கோப்பின் மேலேயே எழுதுவது) அணைத்து, பிளேஸ்ஹோல்டரை (காலிக் கோப்பு வைத்து இடம் பிடிப்பது) போடுங்கள். இரண்டு கணினியும் ஒரே பகிர்வு ஃபோல்டரில் எழுதட்டும். ஒன்று எடுத்த பிரேமை மற்றது தொடாமல் அடுத்ததற்குப் போய்விடும். நேரடியாக வீடியோவாக எழுத வேண்டாம், பிஎன்ஜி படங்களாக எழுதுங்கள். பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் நட்டம் கணினிக்கு ஒரே ஒரு பிரேம். மறுபடி தொடங்கும் முன் ஃபோல்டரில் காலியாகக் கிடக்கும் கோப்புகளை மட்டும் நீக்கிவிடுங்கள்.

முழுப் படத்தையும் போடுவதற்கு முன், நிழல் அதிகம் ஆடும் 3 வினாடியை, அதாவது 72 பிரேமை மட்டும் எடுத்து, யூடியூபில் பிரைவேட்டாக ஏற்றிப் போனில் பாருங்கள். இருட்டுப் பகுதியை அது அமுக்கி எடுக்கும் விதத்தில் நீங்கள் பாடுபட்ட மென்நிழல் பாதி காணாமல் போயிருக்கும். போனில் தெரியாத நிழலுக்கு வினாடி செலவழிக்காதீர்கள், சாம்பிளைக் குறைத்துவிட்டு மிச்சத்தை ஓடவிடுங்கள்.