பழைய பிக்கப்புக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றம்: ₹9,500 செலவிடுவதா, ₹26,000 செலவிடுவதா?

கேள்வி: ஒட்டன்சத்திரம் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். 2014ஆம் ஆண்டு தோஸ்த் பிக்கப் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி நானே ஓட்டுகிறேன். கள்ளிமந்தையம், இடையகோட்டைப் பக்கத் தோட்டங்களிலிருந்து தக்காளியும் முருங்கையும் மார்க்கெட்டுக்கு ஏற்றி வருகிறேன். டீசலும் சில்லறைச் செலவும் போக மாதம் ₹28,000 நிற்கிறது. வீட்டுச் செலவு ₹18,000, ஏலச்சீட்டு ₹3,000. வங்கியில் ₹45,000 இருக்கிறது. நான்கு மாதத்தில் எஃப்.சி.யும் (தகுதிச் சான்று) இன்சூரன்சும் வருகின்றன. அதற்கு ₹22,000 வேண்டும். இப்போது பின்பக்கத்தில், சுமையைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளில் (லீஃப் ஸ்பிரிங்) ஒரு மெயின் பட்டை உடைந்துவிட்டது. மற்ற பக்கமும் தாழ்ந்திருக்கிறது. பட்டறையில் நான்கு வழி சொல்கிறார்கள். பழைய வண்டியில் கழற்றிய பட்டைக் கட்டு இரண்டையும் மாட்ட ₹9,500. உடைந்ததை மட்டும் மாற்றி, பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்க்க ₹14,000. சீசனில் அரை டன் அதிகம் ஏற்றலாம், நடைக்கு ₹400 கூடுதலாகக் கிடைக்கும். பின்பக்கம் முழுவதும் புதிதாக, ஷாக் அப்சார்பரும் சேர்த்து ₹26,000. முன்பக்கமும் சேர்த்தால் ₹44,000. ஒரு ஃபைனான்ஸ்காரர் ஒன்றரை ரூபாய் வட்டியில் ₹30,000 தருகிறார். கூட்டுறவு வங்கியில் 10 விழுக்காட்டில் நகைக்கடனும் கிடைக்கும். தரகர் ஒருவர் வண்டியை இப்படியே ₹2.6 லட்சத்துக்குக் கேட்கிறார். அதை விற்று ₹5.5 லட்சத்தில் சற்றுப் புதிய வண்டி வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன். இன்னும் மூன்று ஆண்டுகளாவது இந்தத் தொழிலில் இருப்பேன். எதைச் செய்வது?

பதில்: பின்பக்கத்தின் இரு பக்கங்களையும், வண்டி முதலில் வந்தபோது இருந்த அதே அளவில், புதிய பட்டைகளாக மாற்றுங்கள், ₹26,000 வழிதான் உங்களுக்கு ஏற்றது. பணத்தை வங்கி இருப்பிலிருந்தே கொடுங்கள். ஃபைனான்ஸ் கடனும் வேண்டாம், நகைக்கடனும் இப்போதைக்கு வேண்டாம். முன்பக்கத்தைத் தள்ளிவையுங்கள். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலையை முடித்துவிட வேண்டும்.

உடைந்த கட்டைக் கழற்றியதும், பட்டை தொங்கும் இடங்களிலும் ஷாக் அப்சார்பர் மாட்டும் இடங்களிலும் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, விரிசலோ, முன்பு யாரேனும் வெல்டிங் வைத்த தடமோ, உள்ளிருந்து அரிக்கும் துருவோ இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். காய்கறி ஏற்றும் வண்டியில் தக்காளிச் சாறும் கழுவும் தண்ணீரும் எப்போதும் வடிந்துகொண்டே இருப்பதால், பின்பகுதிச் சேஸிஸ் மற்ற வண்டிகளைவிட விரைவில் துருப்பிடிக்கிறது. மேல்துரு மட்டும் என்றால் சுரண்டிப் பெயின்ட் அடித்தால் போதும். விரிசல் இருந்தால் நான் மேலே சொன்ன பதில் செல்லாது; அந்த வண்டியில் ₹26,000 போடுவது வீண், தரகர் கேட்கும் விலை அப்போது நல்ல விலையாகிவிடும். இந்தச் சோதனைக்கு ஒரு மணி நேரக் கூலிதான் ஆகும்.

சேஸிஸ் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம். ₹9,500 என்பதும் ₹26,000 என்பதும் பில்லில் இருக்கும் தொகைகள் மட்டுமே. நீங்கள் பார்க்க வேண்டியது, இன்னும் ஓடப்போகும் 36 மாதங்களில் மாதத்துக்கு என்ன செலவாகும் என்பதைத்தான். வண்டி ஒரு நாள் நின்றால் உங்களுக்குச் சுமார் ₹1,100 போகிறது. பட்டை மாற்ற இரண்டு நாள் நிற்கும் என்று கொண்டால், புதிய கட்டுக்கு மொத்தம் ₹28,200, மாதத்துக்கு ₹783. பழைய கட்டு உங்கள் சுமைக்கு ஓர் ஆண்டு தாங்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மூன்று முறை மாற்ற ₹28,500, ஆறு நாள் வருமானம் ₹6,600, ஆக ₹35,100, மாதத்துக்கு ₹975. மலிவாகத் தெரிந்த வழி மூன்று ஆண்டில் ₹6,900 கூடுதலாக வாங்கிவிடுகிறது. பட்டறையில் நிற்கும் நாட்களை மட்டுமே இதில் சேர்த்திருக்கிறேன். முழுச் சுமையோடு வழியில் உடைந்தால் வேறு வண்டி பிடித்துச் சரக்கை மாற்ற வேண்டும். பழுத்த தக்காளி அதற்குள் என்ன ஆகும் என்பதும், அந்தத் தோட்டக்காரர் அடுத்த நடைக்கு யாரைக் கூப்பிடுவார் என்பதும் உங்களுக்கே தெரியும்.

ஓர் ஆண்டில் வண்டியை விற்றுவிடுவதாக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும் என்பதையும் சொல்லவேண்டும். அப்போது பழைய கட்டுக்கு ₹11,700தான் ஆகும். புதிய கட்டுக்குக் கொடுத்த தொகையை வாங்குகிறவர் விலையில் ஏற்றித் தரமாட்டார். அந்த நிலையிலும், யாருடைய வண்டியில் எவ்வளவு சுமை தாங்கியது என்று தெரியாத பட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். களைத்துப்போன எஃகில் விரிசல், பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் இடத்திலும் பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையைச் சுற்றியும் தொடங்குவதால், கட்டு முழுமையாக இருக்கும்போது அது கண்ணில் படாது. உடைந்த பட்டையை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றோ, தாழ்ந்த பட்டையைக் காஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி வளைவு ஏற்றித் தருகிறேன் என்றோ யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்பிரிங் எஃகின் வலிமை, அதைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்திய முறையில் இருக்கிறது. பட்டறையில் வைக்கும் தீ அந்தப் பதத்தை எடுத்துவிடும்.

இனி, உங்களைப் போன்ற பலரை இழுக்கும் கூடுதல் பட்டை யோசனை. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் நான்கு வழிகளிலும் அதிக நட்டம் தரக்கூடியது இதுதான். உங்கள் வண்டி ஒன்றேகால் டன் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டது. பட்டையைக் கூட்டினால் பட்டை தாங்கும். ஆனால் அச்சு, பேரிங், டயர், பிரேக், சேஸிஸ் எதுவும் அதனால் வலுப்பெறாது. இதுவரை பட்டை வாங்கிக்கொண்ட அடியை இனி அவை வாங்கும், அவை ஒவ்வொன்றும் பட்டையைவிட விலை அதிகம். மேலும் பல பிக்கப்களில் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை, பாடிக்கும் பின் அச்சுக்கும் இடையேயுள்ள உயரத்தை வைத்துச் சுமையைக் கணித்து, ஒரு வால்வு கட்டுப்படுத்துகிறது. கூடுதல் பட்டையால் பாடி உயர்ந்து நின்றால், சுமை இருக்கும்போதும் வண்டி காலியாக இருப்பதாகவே அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அரை டன் அதிகம் ஏற்றிய வண்டியில் பிரேக் குறைவது என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. காலியாகத் திரும்பும்போதோ வண்டி மரக்கட்டை போலக் குதிக்கும். டயர் திட்டுத்திட்டாகத் தேயும்.

சட்டத்தின் பக்கமும் பணக்கணக்குதான். எத்தனை பட்டை போட்டாலும் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் மொத்த எடை மாறாது. 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவுப்படி அதிகச் சுமைக்கு அபராதம் ₹20,000. அதோடு கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் ₹2,000, மிகுதிச் சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையது. நடைக்கு ₹400 கூடுதல் என்று சொல்கிறீர்கள். ஒருமுறை பிடிபட்டால் ஐம்பது நடையின் கூடுதல் வருமானம் போய்விடும். விபத்து நேர்ந்தால், அதிகச் சுமையைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டைக் குறைக்கவோ இழுத்தடிக்கவோ வழி கிடைத்துவிடும். சீசனில் சரக்கு மிகுந்தால் இரண்டாவது நடை அடியுங்கள். டீசல் கூடும், ஆனால் வண்டி மூன்று ஆண்டும் உங்களோடு இருக்கும்.

₹26,000 வேலையில் எதெது அடங்கும் என்பதைப் பட்டறையில் தெளிவாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். இரு பக்கமும் முழுக் கட்டு, கட்டைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள், அந்த மூட்டில் இருக்கும் புஷ், சென்டர் போல்ட், கட்டை அச்சோடு இறுக்கும் யு போல்ட் அனைத்தும் புதிதாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து நிற்கும். தளர்ந்த கட்டுக்குள் ஒரே ஒரு புதுப் பட்டையைச் செருகினால், மற்றவை விட்டுவிட்ட சுமையையும் அதுவே தாங்கி முன்னதாக உடையும். யு போல்ட்டில் சிக்கனம் பார்க்கவே கூடாது. ஒருமுறை இறுக்கி நீண்டுபோன போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது. பிடி தளர்ந்தால் சென்டர் போல்ட் துளையிலேயே பட்டை உடையும். ஷாக் அப்சார்பர் சுமையைத் தாங்குவதில்லை, பட்டை ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குகிறது. எண்ணெய் கசிந்த பழையதை விட்டுவைத்தால் புதுப் பட்டைக்கும் டயருக்கும் ஆயுள் குறையும். ஜாம்னா பட்டை, கேப்ரியல் ஷாக் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், பெட்டியையும் முத்திரையையும் பாருங்கள், ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். பில் இல்லையென்றால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள்; குறைகிற தொகையோடு வாரன்டியும் போய்விடும். ஷாக் அப்சார்பருக்கு 28 விழுக்காடாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகிவிட்டது, ஆகவே பழைய விலைப்பட்டியலை வைத்துச் சொன்ன மதிப்பீடா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பட்டைகள் எடைக்குப் போகும். அந்தத் தொகையைக் கூலியில் கழிக்கச் சொல்வது உங்கள் உரிமை.

முன்பக்கத்தை இதோடு சேர்த்துச் செய்ய ₹18,000 கூடுதலாகிறது. உடைவோ, சாய்வோ, புஷ் தேய்ந்து தட்டும் சத்தமோ இல்லாதவரை அந்தச் செலவு இப்போது தேவையில்லை. சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, இரு முன்சக்கரங்களின் நடுவிலிருந்து மேலேயுள்ள வளைவு வரை அளந்து குறித்துவைத்து, எஃப்.சி. நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள்.

பணம் எங்கிருந்து என்பதற்கு வருவோம். ஒன்றரை ரூபாய் வட்டி என்பது கேட்கச் சிறிதாக இருக்கிறது. ₹30,000க்கு ஓராண்டு வட்டி ₹5,400. ஓராண்டில் அடைப்பதானால் மாதத் தவணை ₹2,950. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டியை முழு ₹30,000க்கும் போடுவதால், உண்மையான வட்டி ஆண்டுக்குச் சுமார் 32 விழுக்காடு ஆகிறது. நகைக்கடன் அதில் மூன்றில் ஒரு பங்குதான்; ஆனாலும் கையில் பணம் இருக்கும்போது அதுவும் தேவையில்லை. ₹26,000 கொடுத்தபின் இருப்பு ₹19,000. செலவுகள் போக மாதம் ₹7,000 மிஞ்சுகிறது. நான்கு மாதத்தில் ₹28,000. எஃப்.சி.க்கும் இன்சூரன்சுக்கும் ₹22,000 போனாலும் ₹25,000 இருக்கும். இடையில் வீட்டில் மருத்துவச் செலவு ஏதும் வந்தால் அன்று நகையை எடுத்துச் செல்லுங்கள்; அவசரத்துக்கு உதவக்கூடிய நகையை இன்றே அடகு வைத்து வட்டி கட்டுவதில் பொருளில்லை. சீட்டை இதற்காகத் தள்ளி எடுக்கவும் வேண்டாம்.

வண்டியை விற்று மாற்றும் யோசனைக்கு இப்போது இடமில்லை. வித்தியாசத் தொகை ₹2.9 லட்சத்தை 16 விழுக்காட்டில் மூன்றாண்டுக் கடனாக வாங்கினால் தவணை சுமார் ₹10,200. உங்களுக்கு மிஞ்சுவதோ ₹7,000. வரிச் சலுகை என்று யாரேனும் கடனைப் பரிந்துரைத்தால் அதையும் பொருட்படுத்தாதீர்கள்: உங்கள் ஆண்டு வருமானம் ₹3.36 லட்சம், புதிய வரிமுறையில் ₹4 லட்சம் வரை வரியே இல்லை.

புதுப் பட்டை போட்டு முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் பட்டறைக்குத் திரும்பிப் போய், யு போல்ட் எட்டு நட்டுகளையும் மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிடுவதால்தான் பல புதுக் கட்டுகள் ஓராண்டுக்குள் உடைகின்றன. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வாகனத்துக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் வருகிறது, அந்தச் சமயத்தில் புஷ்களையும் பார்த்துவிடுங்கள். இருப்பு பழைய ₹45,000க்குத் திரும்பியபின், மாதம் ₹800ஐத் தனிச் சேமிப்புக் கணக்கில் போட்டுவாருங்கள். முன்பக்கப் பட்டையோ டயரோ அடுத்து மாற்றவேண்டி வரும்போது, அந்தக் கணக்கிலிருந்து எடுக்கலாம்.