அவரைப் பேச விடுங்கள்

வணக்கம்.

உங்களை நெடுநாளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. பெயரை வெளியிட வேண்டாம்.

என் கணவருக்கு 49 வயது. மோட்டார் நியூரான் நோய் என்று சென்ற ஆண்டு உறுதி செய்தார்கள். முதலில் வலது கைதான் தளர்ந்தது, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினார். இப்போது நடக்கத் துணை வேண்டும். பேச்சு குழறத் தொடங்கிவிட்டது. இரவில் முகத்தில் மாட்டும் மூச்சுக் கருவியோடு தூங்குகிறார். அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வருவதில்லை என்பதால் மகளின் அறையில் படுத்துக்கொள்கிறேன். மகளுக்கு 14 வயது. அப்பாவுக்கு நரம்புத் தளர்ச்சி என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.

அவர் ஏதாவது ஒரு சாக்கில் தான் இல்லாத காலத்தைப் பற்றிப் பேச்செடுப்பார். காப்பீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது, வீட்டுக் கடனில் எவ்வளவு பாக்கி, தன்னை வென்டிலேட்டரில் போடக்கூடாது, நான் மறுபடியும் வேலைக்குப் போக வேண்டும் என்றெல்லாம் சொல்வார். "அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். இதே நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கைப் பற்றி உறவினர்கள் அனுப்பும் காணொளிகளைப் போட்டுக் காட்டுவேன். இந்த ஒரு மாதமாக அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. தொலைக்காட்சியில் சாதாரணக் காட்சி வந்தால்கூட விம்மி அழுகிறார். அவருக்கு எப்படி நம்பிக்கை ஊட்டுவது?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் தெரிகிற மனிதருக்கு நம்பிக்கை குறைந்துவிட்டதாக எனக்குப் படவில்லை. தனக்கு என்ன நடக்கிறது என்பதை அவர் நன்றாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அதைச் சொல்வதற்குத்தான் வீட்டில் ஆளில்லை.

சற்றுக் கடுமையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வேறு சில நோய்களில் இப்படிப்பட்ட பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். இந்த நோயில் பெரும்பாலும் மனிதர் இருக்கும்போதே குரல் போய்விடும். நாக்கையும் தொண்டையையும் இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. குழறல் அதன் தொடக்கம். பெரும்பாலோருக்குக் கேட்கும் திறனும் பார்வையும் தொடு உணர்வும் கடைசிவரை இருக்கும். சிலருக்குச் சிந்தனையிலும் நடத்தையிலும் மாற்றங்கள் வருவதுண்டு, ஆனால் பலருக்கு அறிவு தெளிவாகவே இருக்கிறது. சொல்ல நினைப்பதெல்லாம் உள்ளே இருக்கும், சொல்ல வழி இருக்காது. அந்த நாள் வருவதற்குள் பேசிவிட வேண்டும் என்று அவர் அவசரப்படுகிறார். நீங்கள் எழுந்து போகிறீர்கள்.

காப்பீட்டுப் பத்திரம், கடன் பாக்கி என்பதெல்லாம் உங்கள் காதில் சாவுப் பேச்சாக விழுகிறது. அவர் இடத்திலிருந்து பாருங்கள். சம்பாதிக்க முடியாது, ஒரு பையைத் தூக்கித் தர முடியாது, சட்டைப் பொத்தானை நீங்கள்தான் போட்டுவிடுகிறீர்கள். உங்களுக்காகச் செய்ய அவரிடம் மிச்சமிருக்கும் வேலை எந்தக் காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று உட்கார்ந்து சொல்வதுதான். அதையும் அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டீர்கள். அவர் இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனம் நோகக்கூடாது என்று அடங்கியிருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன். அவரைக் காப்பாற்ற நீங்கள் நடிக்கிறீர்கள், உங்களைக் காப்பாற்ற அவர் நடிக்கிறார். இந்த நாடகத்தில் இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் அழ முடியும்.

ஹாக்கிங்கை விட்டுவிடுங்கள். அவருக்கு 1963இல், 21ஆம் வயதில் நோய் கண்டது, 2018இல் 76ஆம் வயதில் இறந்தார். மிக இளம் வயதில் தொடங்கி மிக மெதுவாக நகர்ந்த அபூர்வமான வகை அது. அறிகுறி தொடங்கியதிலிருந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் என்பதே பெரும்பாலோரின் கணக்கு. பத்து ஆண்டுகளைத் தாண்டுகிறவர்கள் பத்தில் ஒருவர் இருக்கலாம். அந்த ஒருவராக உங்கள் கணவர் இருக்கட்டும் என்று நானும் விரும்புகிறேன். ஆனால் விதிவிலக்கையே விதியாக்கித் தினமும் போட்டுக் காட்டினால், மன உறுதி இருந்தால் நீயும் பிழைப்பாய் என்று அவருக்குச் சொல்வதாக ஆகிவிடும். நோய் முற்றுவதுகூடத் தன் குற்றம் என்று அந்த மனிதர் நினைக்க வேண்டுமா? காணொளி அனுப்பும் உறவினர்களை வாரத்தில் இரண்டு இரவு உங்கள் வீட்டில் வந்து தங்கச் சொல்லுங்கள். நீங்கள் தூங்கலாம். யார் வருகிறார்கள் என்றும் தெரிந்துவிடும்.

வென்டிலேட்டர் பேச்சுக்குத்தான் நீங்கள் முதலில் செவி கொடுக்க வேண்டும். இரவில் அவர் மாட்டிக்கொள்ளும் முகக் கருவி வேறு, தொண்டையில் துளையிட்டுப் பொருத்தும் வென்டிலேட்டர் வேறு. இரண்டாவது ஆயுளை ஆண்டுக்கணக்கில் நீட்டக்கூடும், ஆனால் நோய் நிற்காது, உடல் செயலிழந்துகொண்டே போகும், இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் வேண்டும். அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு நிறைவாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று தீர்மானிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டில் எது சரி என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. நீங்கள் இருவரும் பேசாமலே இருந்தால், ஒரு நள்ளிரவில் மூச்சு முட்டி, அவசரச் சிகிச்சைப் பிரிவில் உங்களை அறியாத ஒரு மருத்துவர் அந்த முடிவை எடுப்பார். குழாயைப் போட்ட பின் எடுப்பது போடாமல் இருப்பதைவிடப் பல மடங்கு வேதனையான முடிவு. விழுங்க முடியாமல் போகும்போது வயிற்றில் பொருத்தும் உணவுக் குழாயும் இப்படித்தான். வேண்டுமென்றால் நுரையீரலின் திறன் ரொம்பவும் குறைவதற்கு முன்பே பொருத்திவிடுவது பாதுகாப்பு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்த இரண்டையும் அவரை வைத்துக்கொண்டே கேளுங்கள். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்காதீர்கள்.

மூச்சுத் திணறித் துடித்துச் சாவோமோ என்பது இந்த நோயாளிகளின் பெரிய பயம், பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. வலி தணிப்புச் சிகிச்சை மருத்துவர் ஒருவரை இப்போதே பாருங்கள். சிறிய அளவில் கொடுக்கும் மார்ஃபின் மூச்சுத்திணறல் உணர்வை நன்றாகக் குறைக்கும். பெரும்பாலோருக்கு இரத்தத்தில் கரியமிலவாயு மெல்லக் கூடி, மயக்கம் போன்ற உறக்கத்திலேயே முடிவு வருகிறது. இதை அந்த மருத்துவர் வாயிலிருந்தே கேட்டால் உங்கள் கணவர் பாதி நிம்மதி அடைவார். நீங்களும்தான்.

தொலைக்காட்சி பார்த்து அழுகிறார் என்பதை மனம் உடைந்ததன் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அழுகையையும் சிரிப்பையும் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகளை இந்த நோய் சிலருக்குப் பாதிக்கிறது. சின்ன விஷயத்துக்குக்கூட அழுகை பொங்கும், சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்பு வெடிக்கும், உள்ளே அந்த உணர்ச்சி இருக்க வேண்டும் என்பதில்லை. இதற்கு மருந்து உண்டு. நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். "உங்களுக்கு நிஜமாகவே அழுகை வந்ததா, தானாக வருகிறதா?" என்று அவரிடமே கேட்டுவிடலாம். அப்படிக் கேட்கும் ஒருவர் பக்கத்தில் இருப்பதே அவருக்குப் பெரிய விஷயம்.

ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் என்ற ஜெர்மானிய யூதத் தத்துவ அறிஞருக்கு 1922இல் இதே நோய் வந்தது. ஓராண்டுதான் என்றார்கள், 1929 டிசம்பர் வரை இருந்தார் (இவரையும் ஹாக்கிங் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்). கை போயிற்று, பிறகு பேச்சும் போயிற்று. அவர் மனைவி எடித் எழுத்துகளை வரிசையாகச் சொல்வார், சரியான எழுத்து வந்ததும் இவர் முகக்குறிப்பால் காட்டுவார். போகப்போக ஓரிரு எழுத்திலேயே எடித் முழுச் சொல்லையும் ஊகித்துவிடுவார். இன்னொரு யூதத் தத்துவ அறிஞரான மார்ட்டின் பூபரோடு சேர்ந்து ஹீப்ரு விவிலியத்தை ஜெர்மன் மொழியில் பெயர்க்கும் வேலையை ரோசன்ஸ்வைக் 1925இல் தொடங்கியது இந்த நிலையில்தான். இலட்சியத் தம்பதி என்று இவர்களைக் காட்டவில்லை. திருமணத்துக்கு வெளியே நண்பரின் மனைவி மீது ரோசன்ஸ்வைக் கொண்டிருந்த காதலின் கடிதங்கள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன. அத்தனை சிக்கலோடும்தான் எடித் அந்த எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் திடீரென்று உத்தம மனைவியாக மாறத் தேவையில்லை. பழைய சண்டை, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் இருக்கட்டும். அவருக்குப் பேச்சு இருக்கும்போதே உங்கள் இருவருக்குமான குறிப்புமொழி ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். விழி அசைவு பெரும்பாலோருக்கு நெடுங்காலம் தங்கும். அவர் குரலையும் பதிவு செய்து வையுங்கள், பின்னால் கணினி அவர் குரலிலேயே பேச அது உதவும். குழறல் கூடிய பிறகு எடுக்கும் பதிவு அவ்வளவு பயன்படாது.

படுக்கை பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தூங்குவது மகளின் அறையிலேயே இருக்கட்டும், உங்களுக்குத் தூக்கம் அவசியம். ஆனால் கருவியை மாட்டுவதற்கு முன் அரை மணி நேரம் அவர் பக்கத்தில் போய்ப் படுங்கள். பகல் முழுக்க அவரைத் தொடுகிறீர்கள்: துடைக்க, திருப்பிப் போட, தூக்கி உட்கார வைக்க. எல்லாம் செவிலியின் தொடுகை. தொடு உணர்வு அவருக்குப் போகவில்லை என்பதை மறுபடியும் சொல்கிறேன்.

மகளுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். 14 வயதுப் பெண்ணின் கையில் கைப்பேசி இருக்கிறது, மருந்துச் சீட்டு மேசை மேல் கிடக்கிறது. அவளும் உங்களுக்காகத் தெரியாததுபோல் இருக்கலாம். அவளிடம் என்ன சொல்வது, யார் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை நீங்கள் தனியாக முடிவு செய்யாதீர்கள். இன்று இரவே அவரிடம் கேளுங்கள். சாவைப் பற்றிப் பேச்செடுக்க உங்களுக்கு வாய் வராது என்றால் இதிலிருந்து தொடங்கலாம், இது அவருடைய மகளைப் பற்றிய பேச்சு. அவர் மெதுவாகத்தான் சொல்வார், பாதி புரியாது. திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். வாக்கியத்தை நீங்களே முடித்து வைக்காதீர்கள்.