மீன் பதிலுக்கு என்ன கேட்கும்?

கேள்வி: நான் ஒரு கற்பனை உலகத்தைக் கதையாக எழுதி வருகிறேன். அதில் கேட்டதைக் கொடுக்கும் மீன் ஒன்று உண்டு. ஆளுக்கு மூன்று வரம். "அலாவுதீன் பூதத்துக்குச் செதில் ஒட்டியிருக்கிறாய்" என்று அண்ணன் கேலி செய்கிறான். நம் ஊர்ப் பக்கம் வரம் கொடுக்கிறவர்கள் யாரும் இல்லையா தாத்தா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, குளச்சல்

பதில்: அண்ணனிடம் சொல்லு மக்களே, அலாவுதீனின் பழைய கதையில் மூன்று வரக் கணக்கே கிடையாது. அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் 1709-இல் பாரிசில் சொல்ல, பிரெஞ்சுக்காரர் கலான் கேட்டு எழுதிய கதை அது. மோதிரத்தில் ஒரு பூதம், விளக்கில் இன்னொன்று. தேய்க்கும்போதெல்லாம் வரும்.

மீன் வேண்டுமென்றால், கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட மீனவன் கதை இருக்கிறது. அந்த மீன் நம் நாக்கு மீன் மாதிரி தட்டையானது, இரண்டு கண்ணும் ஒரே பக்கம். மீனவன் பெண்டாட்டி வீடு, அரண்மனை, போப் பதவி என்று கேட்டுக்கொண்டே போய், கடவுளாக வேண்டும் என்றாள். பழைய குடிசைதான் மிச்சம்.

நம் காமதேனு இன்னும் ரோஷக்காரி. வசிட்டரிடமிருந்து விசுவாமித்திரர் இழுத்துப் போகப் பார்த்தபோது, தானே படையை உண்டாக்கி விரட்டிவிட்டது.

எனக்குப் பிடித்தவள் நம் ஊர்ப் பக்கத்து அம்மன் இசக்கி. பிராணி இல்லைதான், யட்சி நம் வாயில் இசக்கியானாள். எனக்கு ஆறு வயதில் விடாத காய்ச்சல். முப்பந்தல் இசக்கிக்கு மண்ணால் செய்த பிள்ளைப் பொம்மை வைப்பதாகப் பாட்டி நேர்ந்துகொண்டாள். காய்ச்சல் போனது, நேர்ச்சையும் மறந்து போனது. பிறகு மூன்று வருஷம், பால் திரிந்தாலும் கோழி செத்தாலும் பாட்டி சொன்னது ஒன்றுதான்: "இசக்கி கடன் கேக்கா."

கடைசியில் பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். "பிள்ளைக்கு அரை டிக்கெட்டா?" என்றார் கண்டக்டர். பாட்டி சிரிக்கவில்லை. நான் நோண்டியதில் ஆரல்வாய்மொழி வருமுன்பே பொம்மையின் சுண்டுவிரல் உடைந்துவிட்டது. கோயில் வாசல்வரை ஏச்சு. ஒன்பது விரலோடு வைத்தால் கடன் தீருமா என்று பூசாரியிடம் வேறு கேட்டாள்.

அதனால் எத்தனை வரம் என்பதை விடு. உன் மீன் பதிலுக்கு என்ன கேட்கும்? வாங்கியவன் மறந்தால், கரைக்கு வர முடியாத மீன் யாரை அனுப்பி வசூல் பண்ணும்? அந்த அத்தியாயத்தை எழுதி எனக்கு அனுப்பு. கடன்காரனுக்கு உன் அண்ணன் பெயரை வைத்துக்கொள்.