பியானோ வகுப்பு: எந்தப் பணம் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. ஒன்றரை ஆண்டாக வீட்டருகே ஓர் ஆசிரியையிடம் பியானோ கற்கிறாள். வீட்டில் 61 கட்டை கீபோர்டு வைத்துப் பழகுகிறாள். இப்போது நேராக மூன்றாம் கிரேடு தேர்வுக்கு அனுப்பலாம் என்கிறார் ஆசிரியை. தேர்வுக் கட்டணம், தயாரிப்புக் கட்டணம், மாணவர் கச்சேரிக்கு 6,000 ரூபாய், ஆறு மாத வகுப்புக் கட்டணம் என எல்லாவற்றையும் ஒரே தொகையாக முன்கூட்டியே கேட்கிறார். ரசீது தரும் வழக்கம் இல்லை. கச்சேரியில் சேராவிட்டால் தேர்வுக்கும் அனுப்ப முடியாதாம். கொடுத்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வேளச்சேரி

பதில்: மொத்தமாகக் கொடுக்காதீர்கள். நான்கும் நான்கு தனிச் செலவுகள். ஒவ்வொன்றுக்கும் தொகையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக வந்தாலும் போதும். பணத்தை ரொக்கமாக இல்லாமல் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

முதலில், எந்த அமைப்பின் தேர்வு என்று கேளுங்கள். நம் ஊரில் பெரும்பாலும் டிரினிட்டி காலேஜ் லண்டன் அல்லது ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் அமைப்புகளின் இசைத் தேர்வாகத்தான் இருக்கும். கட்டண விவரத்தை அந்தந்த அமைப்பே வெளியிடுகிறது. ஆசிரியை சொல்லும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாகக் கேட்பது அவருடைய உழைப்புக்கான கூலி என்றால் அதில் தவறில்லை. ஆனால் அதைத் 'தேர்வுக் கட்டணம்' என்ற பெயரில் வாங்கக் கூடாது. கச்சேரிக்கும் தேர்வுக்கும் எந்த முடிச்சும் கிடையாது. ஏபிஆர்எஸ்எம் தேர்வுக்குப் பெற்றோரே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

ஒன்று, இரண்டு கிரேடுகளை எழுதாமல் நேராக மூன்றுக்குப் போவதை இரு அமைப்புகளும் அனுமதிக்கின்றன. குழந்தை அதற்குத் தயாரா என்பதுதான் என் கவலை. தேர்வில் வாசிக்க வேண்டிய மூன்றே மூன்று பாடல்களை ஓராண்டு முழுக்கத் தேய்த்துத் தேய்த்து விரலில் ஏற்றி, சான்றிதழ் வாங்கிக் கொடுக்கும் வகுப்புகள் இருக்கின்றன. அப்படிக் கற்ற பிள்ளை அடுத்த புத்தகத்தைத் திறந்தால் திகைத்து உட்கார்ந்துவிடும். அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வீணானது பணம் மட்டுமல்ல என்று.

இன்று மாலையே வீட்டில் சோதித்துப் பாருங்கள். அவள் நன்றாக வாசிக்கும் பாடலின் நடுவில் ஒரு வரியை விரலால் தொட்டு, 'இங்கிருந்து தொடங்கு' என்று சொல்லுங்கள். முதலிலிருந்து ஓடிவந்தால்தான் அந்த இடத்தைப் பிடிக்க முடிகிறது என்றால், அவள் தாளைப் படிக்கவில்லை, கைப்பழக்கத்தில் வாசிக்கிறாள். அடுத்து, முன்பின் பார்க்காத எளிய நான்கு வரிகளைக் கொடுங்கள். தடுமாறினாலும் நிதானமாக எழுத்துக்கூட்டி வாசித்தால் கவலையே இல்லை. வகுப்பு ஒழுங்காக நடக்கிறது.

ஏபிஆர்எஸ்எம் செய்முறைத் தேர்வில் மொத்தம் 150 மதிப்பெண். தேர்ச்சிக்கு 100 வேண்டும். மூன்று பாடல்களுக்கு 90. மீதி 60 மதிப்பெண் ஸ்கேல் (சுர வரிசை), பார்த்தவுடன் வாசித்தல், செவிப்பயிற்சி ஆகியவற்றுக்கு. டிரினிட்டியில் 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. மதிப்பெண் தாள் பெரும்பாலும் விண்ணப்பித்த ஆசிரியரிடம்தான் போகும். பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பகுதியில் எவ்வளவு என்று பார்த்தாலே, ஓராண்டு வகுப்பில் என்ன நடந்தது என்று புரிந்துவிடும்.

இன்னொன்று: டிரினிட்டியில் பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம், தனித்தனிச் சான்றிதழ். உங்கள் மகள் எதற்குப் பதிவாகிறாள் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பியானோ என்றால், 61 கட்டை இனிப் போதாது. அழுத்தினால் கனம் தெரியும் 88 கட்டைகள் கொண்ட டிஜிட்டல் பியானோ வேண்டும். லேசான கட்டையில் பழகிய விரல், தேர்வறையில் உண்மையான பியானோவைத் தொட்டதும் ஒலியே எழும்பாமல் தவிக்கும்.

கச்சேரியை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பத்துப் பேர் முன் ஒரு சிறு பாடலை முடித்துவிட்டு எழுந்து வணங்கும் குழந்தைக்குக் கிடைக்கும் துணிவு பெரிது. ஆனால் 6,000 ரூபாயில் அரங்கு வாடகை எவ்வளவு, வீடியோ எவ்வளவு, உடை எவ்வளவு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வகுப்புக் கட்டணத்தை மாதாமாதம் கட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஆசிரியை விடுப்பு எடுத்தால் ஈடு வகுப்பு உண்டா, நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்புமா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது தராததும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். பேச்சில் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். ஆனால் முதலில் ஆசிரியையிடம் மரியாதையாக உட்கார்ந்து பேசுங்கள். பலர் மனமறிந்து ஏமாற்றுவதில்லை. கணக்கு எழுதும் பழக்கம் இல்லாதவர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: பழைய நிமிர்வகை (அப்ரைட்) பியானோ ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?
- வாசகர், புதுச்சேரி

பதில்: மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை ஊர், கம்பிகளிலும் அவற்றை முறுக்கிப் பிடிக்கும் ஆணிகளிலும் செந்துரு படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். கம்பியைத் தட்டும் சுத்தியல்களின் கம்பளி உறையில் கம்பித் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஆணிகள் தளர்ந்திருந்தால் எத்தனை முறை சுருதி கூட்டினாலும் நிற்காது. அதைச் சொல்ல, சுருதி கூட்டும் தொழில் தெரிந்த ஒரு டியூனரால்தான் முடியும். அவருக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள். ஏற்றிக்கொண்டு வரும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உடனே சுருதி கூட்ட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் அந்த அறையின் காற்றுக்குப் பழகட்டும், பிறகு டியூனரை அழையுங்கள்.