கன்டெய்னர் முடிந்ததா என்று கடிகாரத்திடம் கேட்கலாமா?

வணக்கம் ஐயா. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். நூல் இருப்பு, ஆர்டர், சாயம் ஆகிய மூன்று கணக்குகளையும் இரவில் மூன்று டாக்கர் கன்டெய்னர்கள் (நிரலைத் தனித்து அடைத்து ஓட்டும் மென்பொருள் பெட்டிகள்) பின்னணியில் போட்டு முடிக்கும். பிறகு எங்கள் ஸ்கிரிப்ட் (வரிசையாக ஓடும் கட்டளைக் கோப்பு) அவற்றைச் சேர்த்துச் சாயப்பட்டறைக்குப் பட்டியல் அனுப்பும். அதற்காக ‘ஸ்லீப்’ கொடுத்து 20 நிமிடம் காத்திருக்கிறோம். ஆர்டர் குவியும் மாதங்களில் அது போதாமல் அரைகுறைப் பட்டியல் போய்விடுகிறது. 40 நிமிடமாக்கிவிடு என்கிறார் மேலாளர். சரிதானா? இன்னொரு சந்தேகம்: கன்டெய்னரை நிறுத்தச் சொன்னால் ஒவ்வொரு முறையும் 10 வினாடி பிடிக்கிறதே, ஏன்?
ஒரு வாசகி, அவிநாசி

அன்புள்ள சகோதரிக்கு,

40 நிமிடமாக்க வேண்டாம். அதுவும் ஊகம்தான். 15 நிமிடத்தில் வேலை முடிந்த இரவில் சர்வர் சும்மா கிடக்கும்; 41 நிமிடம் பிடித்த இரவில் மறுபடியும் அரைப் பட்டியல் போகும். இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நூல் கணக்கு இரண்டாவது நிமிடமே பிழையோடு விழுந்துவிட்டால் ஸ்லீப்புக்கு அது தெரியாது. விழுந்ததும் முடிந்ததும் அதற்கு ஒன்றுதான். அந்தப் பட்டியலை நம்பித்தான் காலையில் பட்டறையில் துணியை நனைக்கிறார்கள்.

இதற்கென்றே ‘டாக்கர் வெயிட்’ என்ற கட்டளை இருக்கிறது. மூன்று கன்டெய்னர்களின் பெயர்களையும் அதற்குக் கொடுங்கள். மூன்றும் நிற்கும்வரை ஸ்கிரிப்ட் அந்த வரியிலேயே நிற்கும். நின்றதும் ஒவ்வொன்றின் வெளியேறும் குறியீட்டையும் ஒரு வரிக்கு ஒன்றாக அச்சிடும். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது. வேறு எந்த எண்ணும் கோளாறு. முன்பே நின்றுபோன கன்டெய்னராக இருந்தால் காத்திருக்காமல் உடனே எண்ணைச் சொல்லிவிடும்.

பலர் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. கன்டெய்னர் பிழையோடு முடிந்திருந்தாலும் ‘வெயிட்’ கட்டளை தன்னளவில் வெற்றி என்றே திரும்பும். காத்திருப்பது அதன் வேலை, அதைச் செய்துவிட்டது. ஆகவே கட்டளை வெற்றியா என்று பார்ப்பதில் பயனில்லை. அது அச்சிட்ட எண்களைப் படித்து, மூன்றும் 0 என்றால் மட்டும் பட்டியலை அனுப்புங்கள். முடிந்தவுடன் தானே அழிந்துபோகச் செய்யும் ‘--rm’ தெரிவோடு கன்டெய்னரைத் தொடங்கவும் வேண்டாம். நீங்கள் கேட்பதற்குள் அது முடிந்துவிட்டால், அப்படி ஒரு கன்டெய்னரே இல்லை என்று பதில் வரும். எண்ணை வாங்கிக்கொண்டு நீங்களே அழியுங்கள்.

‘வெயிட்’டுக்குக் காலக்கெடு கிடையாது. கன்டெய்னர் சிக்கி நின்றால் விடியும்வரை காத்திருக்கும். லினக்ஸின் ‘டைம்அவுட்’ கட்டளைக்குள் அதை வைத்து ஓட்டுங்கள். கெடு தாண்டினால் 124 என்ற குறியீடு வரும். அப்போது நிற்பது காத்திருப்பு மட்டும்தான், கன்டெய்னர் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்த 10 வினாடிக்கு வருகிறேன். ‘டாக்கர் ஸ்டாப்’ முதலில் கன்டெய்னரின் முதன்மை புராசஸுக்கு (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு), முடித்துக்கொள் என்று ‘சிக்டெர்ம்’ சிக்னல் அனுப்புகிறது. லினக்ஸ் கன்டெய்னர் என்றால் இயல்பாக 10 வினாடி பொறுக்கிறது. அதற்குள் நிற்காவிட்டால் ‘சிக்கில்’ அனுப்பிக் கொன்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் 10 வினாடி என்றால் உங்கள் நிரல் முதல் சிக்னலுக்கு அசையவே இல்லை, ஒவ்வொரு முறையும் கொல்லப்படுகிறது. வெளியேறும் குறியீட்டைப் பாருங்கள், 137 இருக்கும்: 128உடன் ‘சிக்கில்’லின் எண் 9.

காரணம் பெரும்பாலும் கன்டெய்னர் தொடங்கும்போது ஓடும் ஷெல் ஸ்கிரிப்ட்தான் (ஷெல் என்பது கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்). அதுவே கன்டெய்னருக்குள் 1 என்ற எண்ணுள்ள புராசஸ் ஆகிவிடுகிறது. உண்மையான நிரல் அதன் பிள்ளை. 1ஆம் புராசஸ் தானாகக் கையாள ஏற்பாடு செய்யாத ‘சிக்டெர்ம்’மை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதனிடம் சேர்ப்பதில்லை, ஷெல்லும் பிள்ளைக்குத் தகவல் சொல்வதில்லை. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் நிரலின் பெயருக்கு முன்னால் ‘எக்ஸெக்’ சேருங்கள். ஷெல் விலகி, நிரலே 1ஆம் புராசஸ் ஆகும். அதோடு, ‘சிக்டெர்ம்’ வந்தால் கையிலிருக்கும் கோப்பை எழுதி முடித்துவிட்டு வெளியேறும்படி நிரலிலும் சில வரிகள் எழுதுங்கள். இந்த இரண்டாவது வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். பாதி எழுதிய கோப்பு பிறப்பது இங்கேதான்.

யாரும் நிறுத்தச் சொல்லாத நேரத்தில் 137 வந்தால் முதலில் நினைவகப் பற்றாக்குறையைச் சந்தேகியுங்கள். ‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ காட்டும் விவரங்களில் ‘ஊம் கில்டு’ (OOMKilled) என்ற இடத்தில் ‘ட்ரூ’ என்று இருந்தால் நினைவகம் போதாமல்தான் கன்டெய்னர் கொல்லப்பட்டிருக்கிறது. ஆர்டர் குவியும் மாதங்களில் அந்த வரியையும் உங்கள் ஸ்கிரிப்டே தினமும் பதிந்துவைக்கட்டும். அந்தப் பதிவை மேலாளரிடம் காட்டினால் 40 நிமிடப் பேச்சு அதற்குப் பிறகு எழாது.