பணிப்பெண்ணுக்கு 550 வெள்ளி போதுமா?

கேள்வி: சிங்கப்பூரில், செங்காங்கில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். நான்கு வயதுப் பையன், ஒன்பது மாதக் கைக்குழந்தை, 71 வயது மாமியார். முதல்முறையாகப் பணிப்பெண் வைக்கப் போகிறோம். புதிதாக வரும் மியன்மார்ப் பெண்ணுக்கு மாதம் 550 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போதும் என்கிறார் ஒரு முகவர். இங்கே ஏற்கெனவே வேலை பார்த்த இந்தோனீசியப் பெண்ணுக்கு 750 ஆகும் என்கிறார் இன்னொருவர். சாப்பாடு, தங்க இடம் எல்லாம் நாம்தானே கொடுக்கிறோம், 550 போதாதா? ஞாயிறு விடுப்புக்குப் பதில் காசு கொடுத்துவிடலாமா?

பதில்: முதலில் அந்த “சாப்பாடு நாம்தானே” கணக்கை விட்டுவிடுங்கள். சாப்பாடு, இடம், மருத்துவச் செலவு எல்லாம் முதலாளியின் கடமை என்று வேலை அனுமதி நிபந்தனையிலேயே இருக்கிறது. அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கப் பார்ப்பது சரியல்ல. போதாக்குறைக்கு, அவர் உங்கள் வீட்டில் தங்குவதால்தான் காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்ச ஆள் இருக்கிறது.

பணிப்பெண்களுக்குச் சிங்கப்பூரில் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. வேலை நியமனச் சட்டமும் அவர்களுக்குப் பொருந்தாது, அதனால் வேலை நேரத்துக்கும் உச்சவரம்பு இல்லை. பிலிப்பீன்ஸ் போன்ற அரசாங்கங்கள் தங்கள் பெண்களுக்குத் தாங்களே ஒரு தொகை வைக்கின்றன (நெடுங்காலம் அது 400 அமெரிக்க டாலராக இருந்தது). சந்தை விலை நாட்டைப் பார்த்து அமைந்தாலும், நீங்கள் பார்க்க வேண்டியது வேலையை. கைக்குழந்தை, சின்னப் பையன், பெரியவர், அதோடு சமையல், துணி, வீடு துடைப்பது: இது ஒன்றரை ஆள் வேலை. இரவில் குழந்தை அழுதால் யார் எழுவது? அவர்தான் என்றால், பகலில் அவர் எப்போது தூங்குவார்? இதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், 550க்கு வரும் பெண்ணும் நிலைக்க மாட்டார், 750க்கு வருபவரும் நிலைக்க மாட்டார்.

என்னைக் கேட்டால், உங்கள் வீட்டுக்கு அனுபவமுள்ளவரே பொருத்தம். புதியவர்தான் என்றால் 650இல் தொடங்குங்கள், ஆறு மாதம் கழித்து எவ்வளவு உயர்த்துவீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இதற்குக் காசு எங்கே என்று கேட்பீர்கள். வெளிநாட்டுப் பணிப்பெண் தீர்வை, அதாவது முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் தொகை, மாதம் 300 வெள்ளி. வீட்டில் 16 வயதுக்குக் கீழ் குழந்தையோ 67 வயதோ அதற்கு மேலோ ஆனவரோ இருந்து, அவருக்குச் சிங்கப்பூர்க் குடியுரிமையும் இருந்தால் சலுகைத் தீர்வை 60 வெள்ளிதான். குடியுரிமை இருந்தால் உங்களுக்கு மாதம் 240 மிச்சம். அரசாங்கம் விட்டுக்கொடுத்த அந்தத் தொகையில் கொஞ்சம் அந்தப் பெண்ணுக்குப் போகட்டுமே.

முகவரிடம் மறக்காமல் கேட்க வேண்டிய கேள்வி, “இங்கே வந்த செலவுக்காக அவர் எத்தனை மாதம் சம்பளத்திலிருந்து கடன் கட்ட வேண்டும்?” என்பது. இங்குள்ள முகவர் பணிப்பெண்ணிடம் வாங்கும் கட்டணம் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. ஆனால் ஊரில் அவர் பட்ட செலவும் சேரும்போது, முதல் சில மாதங்கள் அவர் கையில் அநேகமாக ஒன்றும் நிற்காது. ஊருக்குக் காசு அனுப்ப முடியாமல், பழகாத வீட்டில், அழும் குழந்தையோடு இருப்பவரிடம் சிரித்த முகத்தை எதிர்பார்ப்பது கடினம். முடிந்தால் அந்தக் கடனில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். புதிய ஆள் தேடி மறுபடி முகவருக்குக் கொடுப்பதைவிட அது மலிவு.

அப்புறம் விடுப்பு. வாரம் ஒரு நாள் ஓய்வு அவர் உரிமை. அவர் மனமொத்து ஒப்புக்கொண்டால் அந்த நாளில் வேலை செய்யலாம், அதற்குக் குறைந்தது ஒரு நாள் சம்பளம் தர வேண்டும். மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் அந்தத் தொகை வரும், 650 என்றால் 25 வெள்ளி. ஆனால் 2023 ஜனவரி முதல், மாதத்தில் குறைந்தது ஓர் ஓய்வு நாளைக் காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது, அந்த நாளில் அவர் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். வெளியே விட்டால் கெட்டுப்போவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கேட்காதீர்கள், வாரத்தில் ஆறு நாள் உங்களோடு அடைந்து கிடப்பவருக்கு ஒரு நாள் தன் ஊர்க்காரர்களோடு பேச வேண்டாமா?

சம்பளத்தை மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். “நானே பத்திரமாக வைத்திருக்கிறேன்” என்று சம்பளத்தையும் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைக்காதீர்கள், இரண்டுக்கும் அனுமதி இல்லை.

கேள்வி: ஈசூனில் இருக்கும் என் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை. சனிக்கிழமை எங்கள் பணிப்பெண்ணை அனுப்பி அங்கே வீடு துடைக்கச் சொல்லலாமா? 20 வெள்ளி கொடுக்கத் தயார்.

பதில்: கூடாது. வேலை அனுமதியில் உள்ள முகவரியில் மட்டும்தான் வீட்டு வேலை. உங்கள் பிள்ளையையோ பெரியவரையோ பார்த்துக்கொள்ள அவர் சம்மதத்தோடு நெருங்கிய சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பலாம், அது வேறு விஷயம். அக்கா வீட்டைத் துடைப்பது அதில் வராது. மாட்டினால் அபராதம் 10,000 வெள்ளி வரை போகும். மணிக்கணக்கில் ஆள் அனுப்பும் துப்புரவு நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த 20 வெள்ளியோடு இன்னும் கொஞ்சம் போட்டு அக்காவுக்கு அப்படி ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.